டிராக்டர் கேள்வி–பதில்: ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் பட்டை

கேள்வி: எங்கள் பழைய டிராக்டரில் ரேடியேட்டரைச் சுற்றி ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் பட்டை பொடிந்து உதிர்ந்துவிட்டது. டிரெய்லர் இழுக்கும்போது சூடு ஏறுவதில்லை. ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கருவி) போட்டால் மட்டும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது. தண்ணீர் குறையவில்லை, ஃபேன் பெல்ட்டும் புதிது. பட்டை இல்லாததுதான் காரணமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பெரும்பாலும் அதுதான். ஃபேன் முன்பக்கக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்து இன்ஜின் பக்கம் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கும் பானட்டுக்கும் நடுவே சந்து இருந்தால், அந்தச் சூடான காற்று சந்து வழியாகவே முன்னால் திரும்பி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். ரோட்டில் வண்டி ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று கிடைக்கிறது, லோடும் குறைவு. வயலில் வண்டி மெதுவாக நகர, இன்ஜின் முழு லோடில் உழைக்கிறது. சந்து அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். ரொட்டவேட்டர் கிளப்பும் புழுதியும் அதே வழியில் வந்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களை அடைக்கும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, இருட்டிய பிறகு இன்ஜின் பக்கம் ஒரு டார்ச்சை வைத்து பானட்டை மூடுங்கள். முன்பக்க கிரில் வழியாகப் பார்த்தால் ரேடியேட்டரின் ஓரங்களில் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சந்து. ரேடியேட்டரின் நடுவிலேயே வெளிச்சம் வராத இடம் இருந்தால் அங்கே தூசி அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் பட்டை மட்டும் போட்டுப் பயனில்லை. கம்பிரசர் காற்றை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள். கிட்டத்தில் வைத்து அடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும்.

கேள்வி: மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபோமை வெட்டி ஒட்டலாமா? எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும்?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: மெத்தை ஃபோம் வேண்டவே வேண்டாம். தண்ணீரையும் டீசலையும் உறிஞ்சி, சூட்டில் கொஞ்ச காலத்தில் பொடியாகிவிடும். எண்ணெய் ஊறிய ஃபோம் தீப்பிடிக்கவும் செய்யும். வாங்கும் முன் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் அது ஆகாது. ஏசி, ஃப்ரிட்ஜ் சாமான் கடைகளில் குழாய்க்குச் சுற்றும் கருப்பு நைட்ரைல் ஃபோம் ஷீட்டாகக் கிடைக்கும். 13, 19, 25 மி.மீ. தடிமனில் வரும், எண்ணெயையும் ஓரளவு தாங்கும்.

தடிமனைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். சப்பாத்தி மாவைப் பிசைந்து, பாலித்தீனில் சுற்றி, ரேடியேட்டர் சட்டத்தின் மேல் ஏழெட்டு இடங்களில் வைத்து பானட்டை மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் உயரம்தான் சந்தின் அளவு. பழைய வண்டிகளில் இடப்பக்கம் ஒரு அளவும் வலப்பக்கம் வேறு அளவும் வருவது சகஜம். ஃபோம் கால் பங்காவது அமுங்க வேண்டும்: 18 மி.மீ. சந்துக்கு 25 மி.மீ. ஃபோம் சரி. அதற்கு மேல் திணித்தால் பானட் பூட்டாது. பலமாக அமுக்கிப் பூட்டினால் ரேடியேட்டரின் மேல் டேங்க் இணைப்பில் விரிசல் விழும்.

இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பழைய பசையை மரச்சீவலால் சுரண்டுங்கள். இரும்பு நழுவினால் ஃபின் கிழியும். மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்தால் மிச்சம் வந்துவிடும். ஆனால் மண்ணெண்ணெய்ப் படலத்தின் மேல் பசை பிடிக்காது, அதனால் தின்னர் நனைத்த துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். துரு இருந்தால் உப்புத்தாள் தேய்த்து பிரைமர் அடித்துக் காயவிடுங்கள்.

ரப்பர் பசையை ஃபோமிலும் தகட்டிலும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு, சுமார் 10 நிமிடம், காயவிட்டு அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் நழுவும். பின்னால் ஸ்டிக்கர் உள்ள ஃபோமும் இன்ஜின் சூட்டில் உரிந்துவிடும் என்பதால் அதற்கும் பசை தேவை. ஒட்டும்போது இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டிய பட்டை நாளடைவில் சுருங்கி மூலைகளில் வாய் பிளக்கும். ஒவ்வொரு துண்டையும் 5 மி.மீ. கூடுதலாக வெட்டி, மூலையில் நெருக்கி உட்கார வையுங்கள். இரவு முழுவதும் பானட்டைத் திறந்தே வைத்திருந்து, மறுநாள் மூடுங்கள்.

கேள்வி: அவசரத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை மடித்து வைக்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அன்றைய உழவை முடிக்க வைக்கலாம். டியூப் போதுமான அளவு அமுங்காததால் அதிர்வில் நழுவி ஃபேனில் சிக்கும் அபாயம் உண்டு. கம்பியால் கட்டி வையுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.