துணி கறுக்கிறதா பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே வடசென்னையிலிருந்து வந்தவை, எல்லாமே பெயிண்ட் இல்லாத உலோகப் பாகங்களைப் பற்றியவை. மழை முடிந்து வண்டியைத் துடைக்க உட்கார்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி நிற்கிற வண்டிக்கும் தாம்பரத்தில் நிற்கிற வண்டிக்கும் ஒரே வைத்தியம் சொல்ல முடியாது. அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

அப்பா ஓட்டிய பழைய புல்லட். எஞ்சின் கவர் இரண்டு பக்கமும் வெள்ளை பூத்து, மண்புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக இருக்கிறது. மெட்டல் பாலீஷ் வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்துவிட்டேன், கைதான் வலிக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?
*வாசகர், தண்டையார்பேட்டை*

தேய்த்த துணி கறுத்ததா? நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் கறுத்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அலுமினியத்தில் பாலீஷ் நேராகப் பட்டால் கொஞ்ச நேரத்திலேயே துணி கரியாகிவிடும். அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு இல்லை, உரசி வந்த அலுமினியத் துகள்தான் பெரும்பாலும். கறுக்கவில்லை என்றால் உங்கள் துணிக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. எப்போதோ யாரோ பாலீஷ் போட்டுவிட்டு மேலே லாக்கர், அதாவது பளபளப்பைக் காக்க அடிக்கிற நிறமில்லாத பூச்சு, அடித்திருக்கிறார்கள். கல் பட்டு லாக்கர் உடைந்த இடத்தில் உப்புக்காற்று உள்ளே புகுந்து, அடியிலேயே அரித்துக்கொண்டு போன பாதைதான் அந்த மண்புழுக் கோடு. நீங்கள் இரண்டு வாரமாகத் தேய்த்தது லாக்கரை.

1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வண்டி என்பதால் நம்ம பக்கம் இந்தக் கவரைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பது கஷ்டமில்லை. ஆயிலை வடித்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள், திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் (ஆயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கிற தாள்) போடுங்கள். வண்டியிலேயே வைத்துத் தேய்க்காதீர்கள், தேய்க்கிற பொடி எங்கே புகும் என்று சொல்ல முடியாது.

கழற்றிய கவரில் பெயிண்ட் ரிமூவர் தடவி லாக்கரை எடுத்துவிடுங்கள். மொட்டைமாடியில், காற்றோட்டத்தில், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், தோலில் பட்டால் எரியும். அதற்குப் பிறகு வாட்டர் பேப்பர், நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். எண் ஏற ஏற தாள் நைசாகும். 400இல் ஆரம்பித்து 600, 800, 1000, 1500 என்று போக வேண்டும், சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே. ஒரு பேப்பரை மேலும் கீழுமாக ஓட்டினால் அடுத்ததைக் குறுக்காக ஓட்டுங்கள், அப்போதுதான் முந்தின கீறல் முழுசாகப் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். எல்லோரும் சறுக்குகிற இடம் 400தான். அலுப்பு வந்து பாதியில் 600க்குத் தாவிவிடுவார்கள், கடைசியில் பளபளப்புக்கு அடியில் அந்த ஆழக் கீறல்கள் வரிசையாக எழுந்து நிற்கும், திரும்ப முதலிலிருந்து. மொத்த வேலையில் பாதி நேரம் அந்த முதல் பேப்பருக்கே போகட்டும். ஆழமாக அரித்த குழிகளை எல்லாம் துரத்திக்கொண்டு போகவும் வேண்டாம். குழி போகிற வரைக்கும் தேய்த்தால் கவரின் கனமே குறைந்துவிடும், பத்துக் குழி இருந்தால் இருக்கட்டும்.

அப்புறம் பஃபிங், சுற்றுகிற துணி வீலில் வைத்துப் பளபளப்பாக்குவது. வீட்டில் டிரில்லில் காட்டன் வீல் மாட்டிச் செய்யலாம், வீலில் தடவுகிற பாலீஷ் கட்டியைத்தான் சோப் என்பார்கள்: முதலில் பிரவுன் சோப், பிறகு வேறு வீலில் வெள்ளை சோப். பட்டறையில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயத்தை வாயால் சொல்லிக் கொடுங்கள்: கேஸ்கெட் உட்காருகிற முகத்தைத் தொடக் கூடாது, எழுத்து பொறித்த இடத்திலும் ஓரங்களிலும் வீலை அழுத்தக் கூடாது. சொல்லாமல் கொடுத்த கவர்கள் ஓரமெல்லாம் மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக, மறுபடியும் லாக்கர் அடிக்கச் சொல்வார்கள். தண்டையார்பேட்டையில் நான் அடிக்க மாட்டேன். ஒரு இடத்தில் உடைந்தால் இதே கதைதான் திரும்பவும் நடக்கும். வேக்ஸ் தடவி வையுங்கள், மாதம் ஒரு முறை கையாலேயே லேசாக பாலீஷ் போட்டு மறுபடி வேக்ஸ். கவர் ஸ்க்ரூக்களுக்குத் துளி கிரீஸ் தொட்டு மாட்டுங்கள். இரும்பு ஸ்க்ரூ, அலுமினிய ஓட்டை, நடுவில் உப்பு ஈரம், இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்த முறை ஸ்க்ரூ உடையாமல் வராது.

காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துப் போய் விற்கிறேன், மொபெட் வண்டி. பின் ரிம், சைலன்சர் எல்லாம் துருப் புள்ளியாக இருக்கிறது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட் போட்டால் போய்விடும் என்கிறார்கள், போடலாமா?
*வாசகர், காசிமேடு*

வேண்டாம் அண்ணே. ஆசிட் துருவை எடுக்கும், கூடவே குரோமையும் கரைத்துவிடும். குரோம் என்று நாம் பார்க்கிற தோல் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில்தான் இரும்பு. குரோம் துருப்பிடிக்காது, அதில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் இறங்கி, கீழே இருக்கிற இரும்புதான் துருவாக வெளியே வருகிறது. அதனால் எமரி பேப்பரும் கூடாது.

சமையலறையில் சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, புள்ளி இருக்கிற இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். தாள் குரோமை விட மிருதுவானது, துரு கழன்று வரும். துடைத்துக் காயவைத்து வேக்ஸ் போடுங்கள். குரோம் கொப்புளித்து உரிய ஆரம்பித்த இடத்துக்கு எந்த பாலீஷும் உதவாது, ரிம்மை மாற்றுவதோ புதிதாக பிளேட்டிங் போடுவதோதான் வழி.

ஆனால் உங்களுடைய நிஜமான பிரச்சினை ஐஸ் பெட்டி. அது உருகி ஒழுகுகிற தண்ணீர் நேராக ரிம் மேல் விழுகிறது. பெட்டியின் ஓட்டையில் ஒரு ரப்பர் டியூப் சொருகி, சக்கரம், செயின் இரண்டையும் தாண்டித் தரையில் விழுகிற மாதிரி கட்டிவிடுங்கள். வியாபாரம் முடிந்த அன்றே வண்டிக்கு ஒரு குடம் மெட்ரோ தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருவில் அதை ஊற்றிக் கழுவிப் பயனில்லை.

டேங்க் பெயிண்டை மொத்தமாக எடுத்துவிட்டு, வெறும் இரும்பு பளபளக்கிற மாதிரி வைத்துக்கொள்ள ஆசை. முடியுமா?
*வாசகர், ராயபுரம்*

ஆசை புரிகிறது தம்பி, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ராயபுரத்தில் ராத்திரி கை வைத்த இடத்தில் காலையிலேயே விரல் ரேகை துருவாகத் தெரிய ஆரம்பிக்கும். மேலே டூ-கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு) அடிக்கலாம், ஆனால் கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்ட இரும்பில் அது சரியாகப் பிடிக்காது, லேசாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும், அப்போது நீங்கள் கேட்கிற பளபளப்பு போய்விடுகிறது. பிடித்தாலும் பெட்ரோல் மூடியைச் சுற்றி முதலில் உரியும். அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்றால் நிக்கல் பிளேட்டிங் போடுங்கள், செலவு அதிகம், ஆனால் நிற்கும்.

எதைச் செய்தாலும், பெட்ரோல் இருந்த டேங்க்கில் கிரைண்டர் வைக்காதீர்கள். காலி டேங்க்தானே என்று நினைப்பது இன்னும் ஆபத்து, உள்ளே நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும்.

என் தம்பி பஃபிங் பட்டறையில் வேலை செய்கிறான். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்கிறான், வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் சாம்பல் நிறப் பொடி. இது உடம்புக்குக் கெடுதியா?
*வாசகி, திருவொற்றியூர்*

கெடுதிதான் அம்மா. கைக்குட்டை பெரிய தூசியைத்தான் நிறுத்தும், நுரையீரல் வரை போகிற பொடியை நிறுத்தாது. முகத்தில் இடுக்கு இல்லாமல் படிகிற தூசி மாஸ்க் வேண்டும், கண்ணாடியும் வேண்டும். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் கட்டாயம்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அலுமினியம் பஃபிங் செய்கிற அதே மூலையில் இரும்பையும் கிரைண்ட் செய்கிறார்களா? அலுமினியப் பொடி தீப்பிடிக்கிற பொருள், காற்றில் பறந்து நிறைந்தால் வெடிக்கவும் செய்யும். அதன் மேல் இரும்புப் பொறி விழக் கூடாது. பொடியில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணலை மெதுவாகக் கொட்டி மூட வேண்டும், அதற்கு ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். வீல் சுற்றும்போது தொளதொள கை வைத்த சட்டை, கழுத்தில் துண்டு, கையில் கயிறு எதுவும் வேண்டாம். பாகத்தை வீலின் கீழ்ப்பாதியில், ஓரம் வீலுக்கு எதிராக நிற்காமல் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீல் அதைப் பிடுங்கி வீசிவிடும். இதை முதலாளியிடம் கேட்க உங்கள் தம்பி தயங்கினால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தனுப்புங்கள்.

தாத்தாவின் பித்தளை ஹாரன், அமுக்கினால் பாம்பாம் என்று அடிக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
*வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

தாராளமாக. ஆனால் ரப்பர் குமிழையும் உள்ளே இருக்கிற சின்ன நாக்கையும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள், நாக்கு வளைந்தால் அந்தச் சத்தம் திரும்ப வராது. புளியை ஊற விடாமல் தேய்த்த உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், தங்கினால் பச்சை பூக்கும்.