கண் இருந்தால் போதுமா?

கேள்வி: ஓவியம், சிற்பம் எல்லாம் கண்ணால் பார்க்கிற விஷயம். காது கேளாதவர்களுக்கு அங்கே என்ன குறை? கண்காட்சிக்குச் சைகைமொழி தெரிந்த ஒருவரைக் காசு கொடுத்து வைப்பது வீண்செலவல்லவா?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: கடைசியாக எப்போது கண்காட்சிக்குப் போனீர்கள்? சட்டம் போட்டுச் சுவரில் கொழுவிய படங்களோடு முடிந்த காலத்தைச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. இப்போது யாழ்ப்பாணத்திலும் இருட்டறையில் வீடியோ ஓடுகிறது, இடம்பெயர்ந்த அம்மா ஒருவரின் குரல் கேட்கிறது, ஓவியரே படத்துக்குப் பக்கத்தில் நின்று விளக்குகிறார். அதைக் கேட்டுத்தான் நீங்களும் நானும் தலையாட்டுகிறோம்.

அப்படியொரு விளக்கத்தின்போது காது கேளாத இளைஞர் ஒருவருக்கு அருகில் நின்றேன். கூட வந்த தங்கை சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த மூலையில இருக்கிற சிவப்பைப் பாருங்கோ" என்று ஓவியர் கை நீட்ட, எல்லோரும் பார்த்தோம். இளைஞரின் கண் தங்கையின் கையில் இருந்தது. அவள் முடித்து, அவர் மூலைக்குத் திரும்பியபோது ஓவியர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நமக்குக் கேட்பது காது, பார்ப்பது கண். அவருக்கு இரண்டும் கண்ணின் தலையில். ஓவியர் பத்து விநாடி வாயை மூடியிருந்தால் போதும். (கேட்கிறவர்களும் அந்தப் பத்து விநாடி படத்தைப் பார்த்திருப்பார்கள்.)

உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். கண்ணாடிக்கு முன் நின்று சத்தம் வராமல் 'பாடு' என்று சொல்லுங்கள், பிறகு 'மாடு' என்று சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்தால் எழுதுங்கள். எழுத்தில் விளக்கம் ஒட்டுவதும் அரைவாசி உதவிதான். சைகைமொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அதிலும் நம்மவர்கள் எழுதி ஒட்டுகிற 'இருப்பின் அகவெளிச் சிதைவு' எனக்கே விளங்குவதில்லை.

அமெரிக்கக் கலைஞர் கிறிஸ்டின் சன் கிம் பிறவியிலேயே காது கேளாதவர். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ ஒலி. 2018இல் கரியால் கோணங்கள் வரைந்தார். ஒவ்வொரு கோணமும் காது கேளாதவராக அவர் பட்ட கோபத்தின் அளவு. செங்கோணம் என்றால் நியாயமான கோபம், 360 பாகை என்றால் முழுக்கோபம். கலையுலகம் மூட்டிய கோபத்துக்கென்றே தனியாக ஒரு தாள். 2019இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகம் ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தும் தன் கண்காட்சியில் அவற்றை வைத்தது. காட்சிக்கூடங்களில் குறையே இல்லையென்றால் அந்தத் தாளில் வரைய அவருக்கு என்ன இருந்திருக்கும்?

செலவுக்கு வருவோம். நான் சொன்ன கண்காட்சியில் பொன்னாடைக்குக் காசு இருந்தது, மைக் வாடகைக்கு இருந்தது, ரோல்ஸுக்கும் இருந்தது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் நவீல்ட் பாடசாலை பக்கத்தில் கைதடியில்தான் இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை விசாரிக்க ஏற்பாட்டாளர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு மணித்தியாலம் அந்தத் தங்கைதான் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர். ரோல்ஸ் தட்டு அவளிடம் வந்தபோது பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். எடுக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.