காவிரியில் வெள்ளம் வரும்போது உபரி நீரை மாநிலங்கள் ஏன் பங்கிட்டுக்கொள்வதில்லை?

ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை என்று செய்தி வந்தால் போதும், இந்தக் கேள்வியும் வந்துவிடும். நீங்கள் டிஎம்சி (நூறு கோடி கனஅடி, அதாவது மொத்த நீரின் அளவு) கணக்கை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உபரி விஷயத்தில் டிஎம்சியை விட வினாடிக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

சட்டக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007 இறுதித் தீர்ப்பில் காவிரி நடுவர் மன்றம் மாநிலங்களுக்குப் பங்கிட்டது வருஷத்துக்கு 740 டிஎம்சி. அது 50 சதவீத நம்பகத்தன்மையில் போட்ட அளவு. இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் அதற்கு மேலேயே வரலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியதை 192-இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அதுவும் மாதவாரியாக: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. தண்ணீர் குறைந்தால் எல்லோரும் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும். பங்குப் பட்டியலோ 740-உடன் முடிந்துவிடுகிறது. ஜூலையில் அணை வழிந்து வந்ததையும் வரவில் வை என்பது கர்நாடகத்தின் வாதம். வெள்ளத்தைத் தள்ளிவிட்டு செப்டம்பர் பங்கில் கை வைக்காதே என்பது நம் வாதம். நம் பக்க நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது, ஏனென்றால் ஜூலை வெள்ளத்தைப் பிடித்து வைக்க நமக்கு மேட்டூரை விட்டால் பெரிய இடம் கிடையாது.

கர்நாடகத்தின் கபினி அணைக் கொள்ளளவு 19.52 டிஎம்சிதான். வயநாட்டில் மழை வலுத்தால் முதலில் நிரம்புவது அதுதான். அடுத்து 49.45 டிஎம்சி கொண்ட கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணை. இரண்டும் திறந்தால் 93.47 டிஎம்சி மேட்டூர் கிடுகிடுவென ஏறி 120 அடியைத் தொடும். அதன் பிறகு வருவதை அப்படியே விட வேண்டியதுதான். வினாடிக்கு 1 லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி. 2018 ஆகஸ்டில் 2 லட்சத்தைத் தாண்டியது. அதாவது நாளுக்கு 17 டிஎம்சிக்கு மேல்.

இதை எதில் அள்ளுவது? 6,000 கனஅடி ஓடும் கால்வாய் வெட்டினாலும் நாளுக்கு அரை டிஎம்சிதான் போகும். மேட்டூர் உபரியை இறைக்கும் சரபங்கா நீரேற்றுத் திட்டம் 100 ஏரிகளுக்கு எடுப்பது மொத்தமே 0.555 டிஎம்சி, வினாடிக்கு 214 கனஅடி வீதம் 30 நாள் இறைத்தால்தான் அதுவும் முடியும். டெல்டா வாய்க்கால்களிலும் திருப்ப முடியாது, வயல் மூழ்கிவிடும். ஆகவே திருச்சி அருகே முக்கொம்பில், கடலுக்குப் போகும் கிளையான கொள்ளிடத்துக்குத் தள்ளுகிறார்கள். அங்கேயும் 2018-இல் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின.

மேட்டூரை முன்கூட்டியே இறக்கி இடம் வைக்கலாமே என்பார்கள். மழை ஏமாற்றினால்? 2023 ஜூன் 12-இல் திறந்த அணையை அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று.

"அப்போ கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகேதாட்டு அணையைக் கட்டட்டுமே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். 67 டிஎம்சி அணை 2018 மாதிரி வெள்ளத்தில் நாலே நாளில் நிரம்பிவிடும். பற்றாக்குறை வருஷத்தில்தான் அது நம்மைக் கடிக்கும்: கேஆர்எஸ், கபினிக்குக் கீழே பெய்யும் மழை இன்று தடுப்பின்றி பிலிகுண்டுலுவுக்கு வருகிறது, காலியாகக் கிடக்கும் அணை அதைத்தான் முதலில் விழுங்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூன் 12 தண்ணீர் திறப்பு என்பது ஊருக்கே தெரியும். கடைமடை வாய்க்காலைத் தூர்வார மட்டும் பொக்லைன் மே கடைசியில்தான் வருகிறது. அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனால், முதல் தண்ணீரிலேயே பாதி உள்ளே சரிந்துவிடும். இதற்கு எந்த மாநிலத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவது?