பொருட்களைக் குறைத்து எளிமையாக வாழ முடிவெடுத்த குடும்பக்காரர் யாராவது இருக்கிறீர்களா? எப்படித் தொடங்கினீர்கள்?

இருக்கிறோம். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை போகும் வீதியில் உள்ள களுதாவளைதான் எங்கள் ஊர். எனக்கு அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை, கணவர் ஆசிரியர். மகளும் மகனும் படிக்கிறார்கள்.

எளிமை என்றால் எங்கள் ஆட்கள் உடனே சுவாமி விபுலானந்தரைத்தான் சொல்வார்கள். காரைதீவில் பிறந்தவர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாயில் கல்லூரி அதிபராக இருந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு 1924இல் துறவியானார். அவர் மேல் எனக்குப் பெரிய பக்தி உண்டு. ஆனால் வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டிய வீட்டுக்கு அந்த வழி சரிவராது. எங்கள் கதை ஒரு காரில் தொடங்கியது.

2019இல் லீசிங்கில் ஒரு சின்னக் கார் எடுத்தோம். அவசியம் என்று ஒன்றும் இருக்கவில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். மாதக் காசைக் கட்ட, கணவர் கிழமையில் ஆறு நாளும் பின்னேரம் டியூஷன் வகுப்புக்குப் போனார். நாலு மணிக்குப் போனால் வர எட்டு மணி தாண்டிவிடும். மகன் அப்போது மிகவும் சின்னவன். அப்பா வந்து சேரும்போது நித்திரையாகியிருப்பான்.

அப்புறம் 2022 வந்தது. ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய், அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்கும் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் என்றார்கள். எங்கள் கார் கிட்டத்தட்ட மூன்று மாதம் மாமரத்துக்குக் கீழே இலை மூடிக் கிடந்தது. லீசிங் காசு மட்டும் ஒரு மாதமும் நிற்கவில்லை. ஒரு நாள் இரவு கரண்ட் வந்த பிறகு கொப்பி ஒன்றை எடுத்து, கணவர் மாதத்தில் எடுக்கும் வகுப்புகளில் எத்தனை இந்தக் காருக்குப் போகின்றன என்று எழுதிப் பார்த்தோம். பாதிக்கு மேல். அவர் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடி வைத்தார்.

அந்த வருடக் கடைசியில் காரை விற்றோம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் பழைய வாகனங்களுக்கு நல்ல விலை இருந்தது, லீசிங்கை முடித்துவிட்டு மிச்சமும் கொஞ்சம் வந்தது. இப்போது ஒரு மோட்டார் சைக்கிள், எனக்கு பஸ்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போன காலத்தில் நானும் விறகில்தான் சமைத்தேன். கண் எரிச்சலும் இருமலும்தான் மிச்சம். கேஸ் கிடைத்த அன்றே அடுப்பை மாற்றிவிட்டேன். விறகடுப்புச் சமையலை அழகாக எழுதுகிறவர்கள் ஒரு மாதம் மூன்று நேரமும் ஊதிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இல்லாமையை எளிமை என்று பாராட்டுவதும் எனக்குப் பிடிக்காது. என் சின்னம்மா மட்டக்களப்புக் கடற்கரையோரம் உள்ள நாவலடியில் இருந்தவர். 2004 சுனாமியில் வீடு, உடுப்பு, கலியாணப் படம் எல்லாம் ஒரே காலையில் போய், நெடுநாள் தகரக் கொட்டிலில் இருந்தார். இன்றைக்கும் ஒரு வெறும் போத்தலை எறிய மாட்டார். அவரிடம் போய்ப் பொருட்களைக் குறையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நாங்கள் குறைத்தது, எங்களிடம் தேவைக்கு மேல் இருந்ததால்.

உண்மையில் கஷ்டமான இடம் கார் இல்லை, மகளின் சாமத்திய வீடு. 2023இல் பிள்ளை பெரியபிள்ளை ஆனாள். எங்கள் பக்கம் இப்போது அது ஒரு கலியாணம் மாதிரி ஆகிவிட்டது. மண்டபம், மேடை அலங்காரம், இரண்டு மூன்று உடுப்பு மாற்றம், வீடியோ, பெரிய அல்பம். நகையை அடகு வைத்துச் செய்கிறவர்களை எனக்கே தெரியும். நாங்கள் வீட்டில் செய்வோம் என்றதும் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “இருக்கிறது ஒரு பொம்புளப் புள்ள. நாலு பேருக்குச் சொல்லிச் செய்யாட்டி சனம் என்னகா கதைக்கும்?” என்று அழுதார். அம்மாவின் பயம் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் மற்றவர்களின் வீடுகளுக்குப் போய்க் கொடுத்த காசு, மரியாதை எல்லாம் திரும்பி வர வேண்டிய நாள் அது. அதை வேண்டாம் என்றால் உறவையே வேண்டாம் என்பது போல அவருக்குக் கேட்கிறது.

மகளிடமே கேட்டோம். மேடையில் எல்லோரும் பார்க்க இருக்க வெட்கமாக இருக்கிறது என்றாள், ஆனால் புதுச் சாரி வேண்டும் என்றாள். சரி என்று சாரி எடுத்தோம். மாமிமார் முற்றத்தில் தண்ணீர் வார்த்தார்கள், குரவை போட்டார்கள். முறுக்கும் அரியதரமும் வீட்டிலேயே சுட்டோம். அறுபது பேருக்குச் சாப்பாடு. சனம் கதைத்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சொந்தக்காரர் இன்னும் சரியாக முகம் தருவதில்லை.

வீட்டுக்கு மேல்மாடி எழுப்பும் யோசனையையும் கைவிட்டோம். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. இது அம்மா எனக்குத் தந்த வீடு, இதே வீடு மகளுக்குப் போகும். ஒழுகிய கூரையைத் திருத்திப் பெயின்ட் அடித்தோம், அவ்வளவுதான்.

கணவருக்கு இப்போது கிழமையில் இரண்டு நாள்தான் வகுப்பு. மற்றப் பின்னேரங்களில் மகனோடு என் அப்பாவின் வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போகிறார். இருவரும் சேற்றோடு வந்து கிணற்றடியில் நின்று கத்திக் கத்திக் குளிப்பார்கள். நீங்கள் தொடங்குவதானால் அலுமாரியில் கை வைக்க வேண்டாம். மாதா மாதம் கட்டும் காசுகளை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் யாருடைய எத்தனை மணித்தியாலம் போகிறது என்று பக்கத்தில் போடுங்கள்.

மாரி காலத்தில் கார் ஞாபகம் வரத்தான் செய்யும். போன மார்கழியில் மகனுக்குக் கடும் காய்ச்சல். கொட்டும் மழையில் இரவு பத்து மணிக்கு ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிதான் தன் வானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், காசும் வாங்கவில்லை. விடியப்புறம் திரும்பி வந்ததும், “ஒரு பழைய காராவது எடுப்போமா?” என்று கணவரிடம் கேட்டேன். அவர் அந்தக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார். பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் படுத்துவிட்டோம்.