சித்திரக்கதை வரைபவரை நேர்காணும்போது என்ன கேட்கலாம்?

மட்டக்களப்பில் ஒரு சித்திரக்கதைக் கலைஞரைச் சந்திக்கப் போகிறேன், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். "இந்த ஆர்வம் எப்படி வந்தது?" மட்டும் வேண்டாம், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், அவரும் மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருப்பார். அவர் வரைந்த மூலப் பக்கம் ஒன்றை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பென்சில் கோடு எங்கே தெரிகிறது, எந்த முகத்தை வெள்ளை மை பூசித் திருத்தியிருக்கிறார், பேச்சுக் குமிழுக்கு முதலே இடம் விட்டாரா, கடைசியில் திணித்தாரா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், குமிழ் பெருத்துப் படத்தையே விழுங்கிவிடும், அதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதிலேயே அரை மணி நேரம் கதைக்கலாம்.

அப்புறம் காசு. வெட்கப்படாமல் கேளுங்கள்: பக்கத்துக்கு எவ்வளவு, உரிமை யாரிடம், மூலப் படம் திரும்பி வந்ததா? இரும்புக்கை மாயாவி சித்திரக்கதையைக் கரைத்துக் குடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர், ஆனால் 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய அந்தக் கதையை வரைந்த ஸ்பானியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கால பிரிட்டிஷ் இதழ்கள் பெரும்பாலும் வரைந்தவர் பெயரைப் போடுவதே இல்லை. அதனால்தான் இந்தக் கேள்விகளை விடாதீர்கள் என்கிறேன்.

முடிந்தால் கல்லடி சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவனத்தில் ஓவியம் படிக்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், தூரிகை, மை பற்றி அவர்கள் கேட்கும் கேள்வி நமக்கு வராது. பதிவு செய்ய முதலே அனுமதி வாங்குங்கள், சரியா? போனை மின்விசிறிக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள்.