அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரின் சமூகக் கொந்தளிப்பு அதன் இசையில் எப்படி ஒலித்தது?

கார் ஆலையிலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே உற்பத்தி வரிசையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி, பின்னாளில் மோட்டவுன் ஆன இசை நிறுவனத்தை ஆரம்பித்தார். காரைப் போலவே பாடகர்களையும் படிப்படியாக உருவாக்கினார். பாடல்கள் பெரும்பாலும் காதலையே பாடின.

1967 ஜூலையில், கறுப்பின மக்கள் கூடியிருந்த இடத்தில் போலீஸ் நடத்திய சோதனை பெருங்கலவரமாக மூண்டது. 43 பேர் இறந்தார்கள். அதன்பின் காதல் மட்டும் போதவில்லை. 1971இல் மோட்டவுன் பாடகர் மார்வின் கே ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தொகுப்பில் போரையும் போலீஸ் அடக்குமுறையையும் வறுமையையும் பாடினார். வியட்நாமில் தம்பி பட்ட துயரம் அவரை உலுக்கியிருந்தது. கோர்டி முதலில் அதன் தலைப்புப் பாடலை வெளியிடவே தயங்கினார். எனக்கோ அந்தக் குரலில் கோபத்தைவிட மன்றாடல்தான் கேட்கிறது. அடுத்த ஆண்டே மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது.