நூறு ஆண்டுப் பூட்டு: பழைய கணக்கெடுப்புத் தாள்களில் முன்னோரைத் தேடுவோருக்குக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் கொள்ளுத்தாத்தா 1920-ல் சட்டம் படிக்க லண்டன் போனவர். பிரிட்டனின் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்தத் தாள்கள் இன்னும் ரகசியமா?

பதில்: இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் 2022 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் பார்க்க வேண்டும். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனால் இலவசம்.

நீங்கள் பெயரை வைத்துத் தேடியிருப்பீர்கள். நம் பெயர்களுக்கு அது உதவாது. தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தக் கையெழுத்தை நூறு வருடம் கழித்து வேறொருவர் படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார். சுப்பிரமணியம் என்ற பெயர் அங்கே என்னவாக வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பிறந்த இடம் மெட்ராஸ், வயது இரண்டு வருடம் முன்பின், இவ்வளவு போதும். அப்புறம், கணக்கெடுத்தது ஜூன் 19 இரவு. ஏப்ரலில் நடக்க வேண்டியது, தொழிலாளர் போராட்டங்களால் தள்ளிப்போனது. அன்றிரவு எந்த வீட்டில் தூங்கினாரோ அந்த வீட்டுத் தாளில்தான் இருப்பார். வெளியூர் போயிருந்தால் லண்டனில் தேடிப் பயனில்லை.

கேள்வி: செத்துப்போனவர்களைப் பற்றிய தாளை எதற்கு நூறு வருடம் பூட்டி வைக்க வேண்டும்? எனக்குக் கோபமாகவே வருகிறது.

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் 1911 தாளை ஒருமுறை பாருங்கள். குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டிருப்பது அந்த வருடத்திலிருந்துதான். அதற்கு முன்பெல்லாம் கணக்கெடுப்பாளர் பெயர்த்தெழுதிய புத்தகம்தான் கிடைக்கும். திருமணமான பெண்களிடம் உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டார்கள். கேட்காதபோதும் பதில் எழுதிக் கொடுத்த விதவைகள் உண்டு. அதிகாரிகள் அதை அடித்திருப்பார்கள், ஆனாலும் படிக்க முடியும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் யாரிடமாவது சொல்லிவிட நினைத்தது அந்த அடித்த வரியில் இருக்கிறது.

அதே தாளின் கடைசிக் கட்டம், வீட்டில் காது கேளாதவர், பார்வையற்றவர், மனநலம் குன்றியவர் யார் என்று கேட்கும். வெளியே போகாது என்று நம்பித்தான் அதையும் எழுதினார்கள். 1911 தாள்கள் 2012-ல்தான் திறந்திருக்க வேண்டும். ஒரு வம்சாவளி ஆய்வாளர் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டார். 2006-ல் தகவல் ஆணையர் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2009-ல் தாள்கள் வெளிவந்தன, அந்த உடல்நலக் கட்டம் மட்டும் 2012 வரை மறைக்கப்பட்டிருந்தது. எனக்கு அது மிகச் சரியான முடிவு. 1921-க்கு இந்த வழி இல்லை. 1920-ல் வந்த கணக்கெடுப்புச் சட்டம் விவரத்தை வெளியிடுவதையே குற்றமாக்கிவிட்டது.

கேள்வி: 1931 எப்போது வரும்?

பதில்: இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் வரவே வராது. 1942 டிசம்பரில் ஹேஸ் என்ற ஊரிலிருந்த கிடங்கில் தீப்பிடித்து மொத்தமும் எரிந்துபோனது. குண்டுவீச்சு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எடின்பரோவில் இருந்ததால் ஸ்காட்லாந்துத் தாள்கள் தப்பின. போரால் 1941-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்தது 1951 தாள்கள், அதற்கு 2052 வரை பொறுக்க வேண்டும்.

இடையில் நமக்கு இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு.

கேள்வி: அந்த 1939 பதிவேட்டில் என் மாமியாரின் அம்மா வரி மட்டும் கறுப்படித்திருக்கிறதே?

பதில்: பிறந்து நூறு வருடம் ஆகாதவர், இறந்ததாகப் பதிவும் ஏறவில்லை என்றால் அப்படித்தான் மூடியிருக்கும். இறப்புச் சான்றிதழைக் காட்டினால் திறப்பார்கள்.

கேள்வி: சிட்னியில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

பதில்: காத்திருக்க அங்கே எதுவும் இல்லை என்பதுதான் வருத்தம். கூட்டுக்கணக்கு எடுத்ததும் பெயருள்ள தாள்களை அழித்துவிடுவதே அங்கே நடைமுறையாக இருந்தது. 2001-ல்தான் சம்மதம் தந்தவர்களின் விவரத்தை மட்டும் 99 ஆண்டுகள் மூடிவைக்கும் ஏற்பாடு வந்தது. அமெரிக்காவில் 72 வருடம், கனடாவில் 92 வருடம். எத்தனை வருடமானாலும் பூட்டு பரவாயில்லை, ஒருநாள் திறக்கும். எரித்த தாளை எந்தச் சட்டத்தாலும் மீட்க முடியாது. அடுத்த முறை படிவத்தில் அந்தச் சம்மதக் கேள்வி வந்தால், தயவுசெய்து ஆம் என்று எழுதுங்கள்.

கேள்வி: டர்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் முன்னோர் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். சென்னை மாகாணக் கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் இருக்குமா?

பதில்: இருக்காதம்மா. இந்தியாவில் மிஞ்சியவை ஊர்வாரியான, சாதிவாரியான எண்ணிக்கைகள்தான். இப்போதைய நிலையும் அப்படித்தான். 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்புப் பதிவுகளைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. எத்தனை வருடம் கழித்துத் திறக்கும் என்ற பேச்சே அதில் கிடையாது.

ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல ஆவணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1860-ல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்கள் கப்பல் பதிவேடுகளில் உள்ளன. சுமார் 1,52,000 பேர். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். வீட்டுப் பெட்டியில் பழைய பிறப்பு, திருமணத் தாள்கள் இருந்தால் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். எண் கிடைத்துவிட்டால், அதை எடுத்துக்கொண்டு டர்பன் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள்.